“எங்கட பக்கத்தில ஒருவருக்கும் கல்லு இல்லையே, டொக்டர்”

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறோம். அவருடைய மகனுக்கு இப்போது வயது 15. பதினொரு வயதில் முதல் தடவை சிறுநீரகக் கல் வந்தது. இந்த வருடம் மறுபடியும் வந்து, யாழ்ப்பாணத்தில் லேசரால் உடைத்து எடுத்தார்கள். எடுத்த துண்டைச் சோதித்ததில் அது ‘சிஸ்டீன்’ கல் என்று முடிவு வந்தது. “இது பரம்பரை வருத்தம், சிஸ்டினூரியா” என்று சொல்லி, பொற்றாசியம் சித்திரேற்றுக் கலவை கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. கணவர் இவருடைய அப்பாவின் கூடப்பிறந்த அக்காவின் மகன். “எங்கட பக்கத்தில ஒருவருக்கும் கல்லு இல்லை, இது உன்ர பக்கத்தால வந்தது” என்கிறார் மாமியார். கணவரோ கிணற்றில்தான் பிழை என்று வடிகட்டிய தண்ணீர் வாங்கத் தொடங்கிவிட்டார். இருபது லீற்றர்க் கான் ஒன்று ஐந்து பேருக்கு மூன்று நாள் போகிறது. வெளிநாட்டில் இருக்கும் கணவரின் தம்பி இணையத்தில் படித்துவிட்டு, “கண்ணும் பழுதாகும், பத்து வயசுக்குள்ள கிட்னி நிண்டிடும்” என்று சொல்லியிருக்கிறார். பயத்தில் மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். பையன் மருந்தை நோ வந்தால் மட்டும் குடிக்கிறான். கடைசியாக, பத்தொன்பது வயது மகளைத் தன் அண்ணனின் மகனுக்குக் கொடுப்பதாக இரு வீட்டாரும் பேசி வைத்திருக்கிறார்கள், அதை நிறுத்த வேண்டுமா, அண்ணனிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி மாமியாருடைய பேச்சு அல்ல, அந்தத் தண்ணீர்க் கான்தான். இருபது லீற்றரை ஐந்து பேர் மூன்று நாள் குடித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 1.3 லீற்றர். அதில் தேத்தண்ணிக்கும் போகும். வன்னி வெயிலில் பாதி வியர்வையாகப் போய்விட, மிச்சம் சலமாக வருவது அரை லீற்றர் அளவுதான். காசு கொடுத்து வாங்கும் தண்ணீர் என்பதால் எல்லோரும் அளந்து குடிக்கிறீர்கள். கல்லைத் தடுக்க வாங்கிய கான், கல் வளர்வதற்கு வழி செய்கிறது.

கிணறு குற்றவாளி அல்ல

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்க்கிற எவருக்கும் அதுவே சிறுநீரகத்திலும் படிகிறது என்று தோன்றும். கேத்தலில் படிவது கல்சியம் காபனேற்று. உங்கள் மகனுடைய கல்லில் இருப்பது சிஸ்டீன், கந்தகம் கொண்ட ஓர் அமினோ அமிலம், அதாவது புரதம் கட்டப்படும் சிறு அலகுகளில் ஒன்று. லேசர் பட்டு உடையும்போது கந்தக மணம் வரும் கல் அது. இந்த வகைக் கல்லை முதலில் இனங்கண்டு எழுதியவர் ஆங்கிலேய விஞ்ஞானி வில்லியம் ஹைட் வொலஸ்ரன். 1810 இல், லண்டனில். சிஸ்டீன் என்ற பெயரே சலப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அங்கே வன்னிக் கிணறு இருக்கவில்லை என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

வவுனியாவிலும் அதற்குத் தெற்கே வடமத்திய மாகாணத்திலும் விவசாயிகளிடையே காணப்படும், காரணம் இன்னும் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு கதை. அது கல்லால் வருவதல்ல. இரண்டையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் மட்டும் அதை மகனுக்குக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள சோடியம் அவனுக்கு ஆகாது. ஏன் என்று கீழே சொல்கிறேன். உவர்ப்பு இல்லையென்றால் கொதிக்க வைத்து ஆறவிட்ட கிணற்றுத் தண்ணீரே போதும், வயிறு முட்டக் குடிக்கட்டும். கான் தண்ணீர்தான் வேண்டுமென்றால் வாங்குங்கள், ஆனால் அவனுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

உள்ளே என்ன பிழைத்திருக்கிறது

சிறுநீரகம் இரத்தத்தை வடிக்கும்போது பயனுள்ள அமினோ அமிலங்களும் சேர்ந்தே வடிந்துவிடும். பிறகு நுண்குழாய்ச் சுவரிலுள்ள புரதங்கள் அவற்றைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். வாய்க்காலில் வழிந்த தண்ணீரைப் பம்பு வைத்து மறுபடி வயலுக்கு ஏற்றுவது போல. சிஸ்டீன், ஓர்னிதீன், லைசீன், ஆர்ஜினீன் ஆகிய நான்குக்கும் ஒரே பம்புதான். அது இரண்டு புரதத் துண்டுகள் பொருந்தி ஆனது. ஒரு துண்டுக்கான பரம்பரையலகு (ஜீன்) இரண்டாவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது, அதன் பெயர் எஸ்.எல்.சி.3ஏ1. மற்றத் துண்டுக்கானது பத்தொன்பதாவது நிறமூர்த்தத்தில், எஸ்.எல்.சி.7ஏ9. முதலாவதை 1994 இலும் மற்றதை 1999 இலும் நோயோடு தொடர்புபடுத்திக் கண்டுபிடித்தார்கள். இரண்டில் எது பழுதானாலும் பம்பு வேலை செய்யாது, நான்கு அமிலங்களும் சலத்தோடு போகும்.

நான்கில் மூன்று தண்ணீரில் நன்றாகக் கரையும், தொந்தரவு இல்லை. சிஸ்டீன் மட்டும் கரைய மறுக்கும். ஆறு பக்கம் கொண்ட தட்டையான பளிங்குகளாகப் படியும். காலைச் சலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அந்த அறுகோணங்கள் தெரியும். “புரதம் போகிறதாம், அதுதான் மெலிகிறானோ” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. போவது சிறு அளவு, உடல் அதை வேறு வழிகளில் ஈடுசெய்துகொள்ளும். மெலிந்தால் அதற்கு நீங்கள் நிறுத்திய மீனும் முட்டையும்தான் காரணமாக இருக்கும்.

வெளிநாட்டுச் சித்தப்பா படித்தது வேறு நோயைப் பற்றி. சிஸ்டினோசிஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் சிஸ்டீன் உயிரணுக்களுக்குள்ளேயே தேங்கி, கண்ணில் படிந்து, சிகிச்சை இல்லாவிட்டால் சிறுவயதிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பெயரில் பாதி ஒன்று என்பதால் இணையத்தில் தேடுகிறவர்கள் அடிக்கடி அங்கே போய் விழுகிறார்கள். உங்கள் மகனுக்கு 15 வயது, கண்ணில் குறை இல்லை, கல் மட்டும்தான். ஆனாலும் சிஸ்டினூரியாவை அலட்சியப்படுத்த முடியாது. திரும்பத் திரும்ப வரும் கல்லும் அடைப்பும் சத்திரசிகிச்சையும் ஆண்டுக்கணக்கில் சிறுநீரகத்தைத் தேய்க்கும். அதைத் தடுப்பது பெரும்பாலும் வீட்டின் கையில்தான் இருக்கிறது.

யாருடைய பக்கம்?

ஒவ்வொரு பரம்பரையலகும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. இந்த வருத்தம் வர, பம்பின் இரண்டு பரம்பரையலகுகளில் ஏதாவது ஒன்றின் இரண்டு பிரதியும் பழுதாக வேண்டும். ஒன்று மட்டும் பழுதானவரைக் காவி என்போம். சலத்தைச் சோதித்தால் சில காவிகளிடம் சிஸ்டீன் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம், மிகச் சிலருக்குக் கல்கூட வரலாம். பெரும்பாலானவர்கள் ஒன்றும் தெரியாமலே வாழ்ந்து முடிப்பார்கள். அதனால் “ஒருவருக்கும் கல்லு இல்லை” என்பது எதையும் நிரூபிக்காது. மகனுக்கு வந்திருப்பதால் நீங்களும் கணவரும் இருவருமே காவிகள் என்றுதான் கொள்ள வேண்டும்.

இனி மாமியாருக்கு. அவரும் உங்கள் அப்பாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். அரிதான ஒரு பழுது இரண்டு பக்கத்தாலும் ஒரே பிள்ளையில் வந்து சேர்ந்தால், அது பெரும்பாலும் இருவருக்கும் பொதுவான ஒருவரிடமிருந்து, அதாவது அவர்களுடைய தாய் அல்லது தகப்பனிடமிருந்து இறங்கியிருக்கும். ஒரு கிளை மாமியார் வழியாக உங்கள் கணவருக்கு, மறு கிளை உங்கள் அப்பா வழியாக உங்களுக்கு. “உன்ர பக்கம்” என்று அவர் சுட்டுகிற பக்கம் அவருடைய சொந்தத் தாய் வீடுதான். இதைச் சண்டைக்காக அல்ல, அவர் மனம் ஆறுவதற்காகச் சொல்லுங்கள்.

தண்ணீர், உப்பு, மருந்து

கணக்கைப் பார்ப்போம். சாதாரண சலத்தில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம் சிஸ்டீன்தான் கரையும். இந்த வருத்தம் உள்ளவர் ஒரு நாளைக்கு 750 மில்லிகிராம் வெளியேற்றுகிறார் என்று வைத்துக்கொண்டால், அது முழுவதும் கரைந்து போக 3 லீற்றர் சலம் வேண்டும். கவனியுங்கள், சலம் 3 லீற்றர், குடிப்பது அல்ல. வெயில் காலத்தில் அதற்கு 4 லீற்றருக்கு மேல் குடிக்க வேண்டிவரும். சலத்தின் காரத்தன்மையை பி.எச். 7.5 வரை உயர்த்தினால் ஒரு லீற்றரில் ஏறத்தாழ இரண்டு மடங்கு கரையும். சித்திரேற்றுக் கலவை அதற்குத்தான். அது நோ மருந்து அல்ல. நோ வந்த பிறகு குடிப்பது, வெள்ளம் வந்த பிறகு குளக்கட்டு கட்டுவது மாதிரி.

கலவையைச் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரில் கலந்து குடிக்கட்டும். கலக்காமல் குடித்தால் வயிறு எரியும், பிறகு தொடவே மாட்டான். கடைசி வேளை படுக்கப் போகும்போது. மருந்தகத்தில் பி.எச். பார்க்கும் பட்டி வாங்கி, காலையில் முதற்சலத்திலும் மாலையிலும் தோய்த்துப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். 7க்குக் கீழே நின்றால் கிளினிக்கில் காட்டி அளவைக் கூட்டலாம். 8ஐத் தாண்ட விடாதீர்கள், அப்போது கல்சியம் பொசுபேற்று என்ற வேறொரு கல் படியத் தொடங்கும். இரத்தத்தில் கிரியற்றினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொற்றாசியமும் பார்க்காமல் நீங்களாக அளவைக் கூட்ட வேண்டாம். “அப்பச்சோடா கரைச்சுக் குடுங்கோ, அதுவும் காரம்தானே” என்று யாராவது சொல்வார்கள். காரம்தான், ஆனால் அது சோடியக் காரம். சலத்தில் சோடியம் கூடும்போது சிஸ்டீனும் கூடவே அதிகமாக வெளியேறும். கடையில் விற்கும் ‘சித்திரேற்று’ப் பக்கற்றுகள் சிலவற்றில் இருப்பதும் சோடியம்தான், வாங்குமுன் பெயரை வாசியுங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், ஒரு தேக்கரண்டி மட்டமாக, அவ்வளவுதான். கறியில் குறைத்துவிட்டுத் தட்டில் கருவாட்டையும் ஊறுகாயையும் மோர்மிளகாயையும் வைத்தால் பயனில்லை. உடனடி நூடில்ஸோடு வரும் தூள் பக்கற்றையும் சூப் கட்டியையும் வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். மீனையும் முட்டையையும் நாளையே திரும்பக் கொடுங்கள், வளரும் பிள்ளைக்கு அவற்றை மறுக்கக் கூடாது. சிஸ்டீனை உடல் தானாகவே செய்துகொள்கிறது; உணவை வெட்டி அதை நிறுத்த முடியாது. இரவில் மட்டும் இறைச்சி அதிகமாக வேண்டாம். மரக்கறி, வாழைப்பழம் நல்லது. தேசிக்காய்த் தண்ணீரும் நல்லது, உப்புப் போடாமல். வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கசாயமும் இந்தக் கல்லைக் கரைக்கா. அவற்றைக் குடித்தவர்களுக்குப் பலன் கிடைத்திருந்தால் அது அவற்றோடு உள்ளே போன தண்ணீரால்.

பதினைந்து வயதுப் பையனிடம் “நிறையக் குடி” என்றால் அவன் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். ஒரு லீற்றர்ப் போத்தலின் கழுத்தில் நாலு றப்பர் வளையம் மாட்டிக் கொடுங்கள். ஒரு போத்தல் முடிய ஒரு வளையத்தைக் கழற்றட்டும். படுக்கும்போது ஒரு வளையமும் இருக்கக் கூடாது. பள்ளிக்கூட அதிபருக்குக் கிளினிக் கடிதத்தைக் காட்டி, பாடவேளையில் வெளியே போய்வர அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் தண்ணீர் குடிக்காததற்குப் பாதிக் காரணம் பள்ளிக்கூட மலசலகூடம்தான்.

முக்கியமானது இரவு. கல் வளர்வது நித்திரையில், சலம் கெட்டியாகும் நேரத்தில். படுக்குமுன் இரண்டு கிளாஸ், இரண்டு மணியளவில் எழும்பிச் சலம் கழித்துவிட்டு மறுபடி ஒரு கிளாஸ். உங்கள் பக்கத்தில் மலசலகூடம் வீட்டுக்கு வெளியே இருக்கும், பாம்புக்கும் யானைக்கும் பயந்து அவன் எழும்பவே மாட்டான். மூடியுள்ள வாளி ஒன்றை உள்ளே வைத்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாரத்தில் ஒரு நாள், ஞாயிறாக இருக்கட்டும், அளந்து பாருங்கள். காலையில் முதற்சலத்தை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வருவது முழுவதையும் அடுத்த நாள் காலை முதற்சலம் வரை போத்தல்களில் சேர்த்தால் 24 மணிநேர அளவு தெரியும். அதையே ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் சிஸ்டீன் எவ்வளவு என்று பார்க்க முடிந்தால், மேலே சொன்ன கணக்கை உங்கள் மகனுடைய சொந்த எண்ணிலேயே போடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கான் செய்யுங்கள். சிஸ்டீன் கல் சாதாரண எக்ஸ்ரேயில் மங்கலாகத்தான் தெரியும், “எக்ஸ்ரே கிளியர்” என்பதோடு திருப்திப்பட வேண்டாம்.

இவ்வளவையும் சில மாதம் ஒழுங்காகச் செய்தும் கல் வந்தால், சிஸ்டீனோடு பிணைந்து அதைக் கரையக்கூடியதாக்கும் தியோப்ரொனின் அல்லது பெனிசிலமைன் மருந்தை மருத்துவர் யோசிப்பார். தோலில் தடிப்பு, இரத்த அணுக்கள் குறைதல், சலத்தில் புரதம் போதல் ஆகியவை வரலாம் என்பதால் ஒழுங்கான சோதனையோடுதான் அவற்றைக் கொடுக்க முடியும். தண்ணீர் குடிக்கச் சோம்பலாக இருக்கிறது என்று அந்த மருந்துக்குத் தாவக் கூடாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். விலாநோவோடு காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தாலோ, சலம் வராமல் நின்றாலோ அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடைத்த சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் மணித்தியாலக் கணக்கில் நிலைமை மோசமாகும். நோவுக்குக் கடையில் டைக்குளோபெனக் வாங்கி வாங்கிப் போடுவதும் சிறுநீரகத்துக்குக் கூடாது. நோ இருக்கும் நாட்களில் தேத்தண்ணி வடியால் சலத்தை வடித்து, துண்டு விழுந்தால் காயவைத்து எடுத்துக்கொண்டு போங்கள்.

மகளுடைய கலியாணம்

கலியாணப் பேச்சுக்கு முன் மகளின் உடம்பு. பெற்றோர் இருவரும் காவிகள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருத்தம் வர நாலில் ஒரு வாய்ப்பு. அது ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகப் போடும் சீட்டு; தம்பிக்கு வந்ததால் அக்கா தப்பினாள் என்று இல்லை. இருபது வயதுக்குப் பிறகு முதற்கல் வருபவர்களும் உண்டு. ஆகவே அவளுக்குச் சலத்தில் சிஸ்டீன் சோதனையும் ஒரு ஸ்கானும் இப்போதே செய்யுங்கள். அவளுக்கும் இருந்தால், கர்ப்ப காலத்தில் மேலே சொன்ன மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வாள்.

அவளுக்கு வருத்தம் இல்லை என்று வந்தால், காவியாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. உங்கள் அண்ணன் காவியாக இருக்க இரண்டில் ஒன்று, அவருடைய மகன் நாலில் ஒன்று. இருவரும் காவியாக இருந்தால் பிள்ளைக்கு வருத்தம் வர நாலில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் 24 இல் ஒன்று. உறவில்லாத ஒருவரைக் கட்டினால் எவ்வளவு? உலகளவில் 7000 பேரில் ஒருவருக்கு இந்த வருத்தம் என்று சொல்லப்படும் கணக்கின்படி 42 பேரில் ஒருவர் காவி. அப்போது ஏறத்தாழ 250 இல் ஒன்று. பத்து மடங்கு வித்தியாசம் உண்மைதான். ஆனால் 24 இல் 23 தடவை ஒன்றும் இல்லை என்பதும், வந்தாலும் சிறுவயதிலிருந்தே சமாளிக்கக்கூடிய வருத்தம் என்பதும் உண்மை. மச்சான் மச்சாள் கலியாணத்தைச் சட்டம் தடுக்கவில்லை. இந்த ஒரு வருத்தத்துக்காக மட்டும் பேச்சை முறிக்கச் சொல்ல மாட்டேன். இரண்டு தலைமுறை அடுத்தடுத்துச் சொந்தத்தில் கட்டும்போது எனக்குக் கூடுதல் கவலை தலசீமியா போன்ற பரம்பரை இரத்த வருத்தங்களைப் பற்றித்தான். இருவருக்கும் ஓர் இரத்தச் சோதனை, கலியாணத்துக்கு முன்பே.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் பரம்பரையலகுச் சோதனை இருக்கிறது, அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மகனில் எந்தப் பரம்பரையலகில் என்ன பழுது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அந்த ஒரு பழுதை மட்டும் மகளிடமும், தேவைப்பட்டால் மச்சானிடமும் தேடினால் போதும். மகனைச் சோதிக்காமல் மாப்பிள்ளை பெண்ணை மட்டும் சோதிப்பது காசுக்குக் கேடு. மகனுடைய சிகிச்சை இந்த முடிவால் மாறப்போவதில்லை; ஆகையால் கலியாணக் கேள்விக்காக அல்லாமல் இதற்குச் செலவழிக்க அவசரமில்லை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் அலகு போன்ற இடங்களில் ஆலோசனை கேட்கலாம். கிளினிக் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். கல்லைச் சோதித்த அறிக்கையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

அண்ணனிடம் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். மகனுடைய வருத்தத்தைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அண்ணனும் காவியாக இருக்கலாம், அவர் வீட்டுப் பிள்ளைகள் யாருக்காவது கல் வந்தால் அவர்கள் சிஸ்டீனை நினைக்க வேண்டும். ஆனால் மகளுடைய சோதனை முடிவு மகளுடையது. அவளுக்கு 19 வயது. அறிக்கையை முதலில் அவள் கையில் கொடுங்கள். மச்சானிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவளே சொல்லட்டும்.